உம் கொட்டுதலும் ஓர் அறமே
சப்ரகமுவத் தோட்டங்களை முன்வைத்து ஒரு சிந்தனை

தமிழர் வாழ்விலே கதை சொல்லுதற்கு ஒரு பழைய நிபந்தனை உண்டு. சொல்பவர் சொல்லிக்கொண்டு செல்ல, கேட்பவர் இடையிடையே 'உம்' கொட்டுதல் வேண்டும். 'உம்' நின்றால் கதையும் நின்றுவிடும். மடியிலே தலைவைத்துக் கதை கேட்கும் பேரப்பிள்ளை உறங்கிவிட்டதா, விழித்திருக்கிறதா என அறிதற்கு அம்மாயி கைக்கொள்ளும் உபாயமே இது எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. சற்று ஆழ்ந்து நோக்கின் இவ்வழக்கத்தினுள் பெரியதோர் உண்மை அடங்கியிருத்தல் புலனாகும். கதையைச் சொல்பவர் மட்டும் ஆக்குவதில்லை; கேட்பவரும் உடனிருந்து ஆக்குகின்றார். செவியில்லாத இடத்திலே சொல்லும் இல்லை.

பெரியவர் சொல்லப் பிள்ளை உம் கொட்டும் இம்முறையைத் திருப்பிப் பார்க்குமிடத்து ஒரு வினா எழுகின்றது. பிள்ளை சொல்லத் தொடங்கும்போது உம் கொட்ட வேண்டியவர் யார்? தாயும் தந்தையும் என்பது உடனடியாகத் தோன்றும் விடை. ஆனால், விடியுமுன்னர் வேலைக்குச் சென்று, களைத்து மீளும் தாயும் தந்தையும் அதனைச் செய்யத் தவறின், அது அவர்களது குற்றமாகுமா? இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களை மனத்திற்கொண்டு இவ்வினாவை ஆராய்தல் பயனுடைத்து.

முதற்கண், கதை சொல்லும் ஆற்றல் யாது என்பதைத் தெளிதல் வேண்டும். இராசகுமாரன் கதையை ஒப்புவிப்பது மாத்திரம் அவ்வாற்றலாகாது. தனக்கு நேர்ந்த ஒன்றை, அங்கே இல்லாத ஒருவர் விளங்கிக்கொள்ளுமாறு கூறுதலே அதன் அடிப்படையாகும். யார், எங்கே, எப்போது என அமைத்தல், முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றை ஒழுங்கு பிறழாது கோத்தல், ஏன் நிகழ்ந்தது எனக் காட்டுதல், அதனால் தனக்கு என்ன ஆயிற்று என உணர்த்தல் ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். வில்லியம் லபோவ், யோசுவா வலெற்ஸ்கி என்னும் அமெரிக்க மொழியியலாளர் 1967 இல் வெளியிட்ட ஆய்விலே, நிகழ்ச்சிகளின் வரிசையோடு, அந்நிகழ்ச்சி சொல்லத்தக்கதாயிருப்பது ஏன் எனும் மதிப்பீடும் ஓர் எடுத்துரைப்பின் இன்றியமையா உறுப்பு என எடுத்துக்காட்டினர். இரண்டு வயதிற் சொற்களை அடுக்கத் தொடங்கும் பிள்ளை இவ்வுறுப்புகள் அனைத்தையும் தானாகவே கண்டுபிடித்துக்கொள்வதில்லை. இரண்டுக்கும் ஐந்துக்கும் இடைப்பட்ட பருவத்திலே அவை உரையாடலின் வழியாகவே வந்து சேருகின்றன.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதலாம். மூன்று வயதுப் பிள்ளையொன்று மாலையிலே தாயிடம் "நாயி வந்துச்சு" என்கிறது. "சரி, போய்க் கால கழுவு" என்பது ஒரு விடை. அத்தோடு பேச்சு முடிந்துவிடுகின்றது. "நாயா? எங்க வந்துச்சு?" என்பது மற்றொரு விடை. "பிள்ளைக்காம்பராவுக்கு." "வந்து என்னா செஞ்சுச்சு?" "பிஸ்கட்ட தின்னுருச்சு." "யாரு பிஸ்கட்ட?" "எம் பிஸ்கட்ட." "ஐயோ! அப்புறம் நீ என்னா செஞ்ச?" "அழுதேன். ஆயம்மா வெரட்டுனாங்க." இவ்வுரையாடலின் முடிவில் இடமும் நிகழ்ச்சியும் இழப்பும் துயரும் தீர்வும் உடைய முழுக் கதையொன்று உருவாகிவிட்டது. கதை பிள்ளையுடையது, அதனைத் தாங்கிய எலும்புக்கூடு தாயினது வினாக்கள். இன்று தாய் வெளியே நின்று கேட்கும் 'அப்புறம்' என்னும் வினாவை, நாளடைவிலே பிள்ளை தன் மனத்துள்ளே தானே கேட்டுக்கொள்ளப் பழகுகின்றது. பிறரோடு கூடிச் செய்ததே பின்னர்த் தனியே செய்யும் ஆற்றலாகின்றது என இரசிய உளவியலறிஞர் வைகோட்ஸ்கி வலியுறுத்திய கருத்தும் இதுவே.

பிற்கால ஆய்வுகள் இக்கருத்துக்கு வலுவூட்டியுள்ளன. எலேன் றீஸ், கதரின் ஹேடன், றொபின் பிவுஷ் ஆகியோர் 1993 இல் வெளியிட்ட ஆய்வு, மூன்றரை வயதளவிலிருந்து ஆறு வயதை அணுகும் வரை பிள்ளைகளும் தாய்மாரும் பழைய நிகழ்ச்சிகளைப் பற்றி உரையாடும் முறையைத் தொடர்ந்து நோக்கியது. ஒரே வினாவைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சரியான விடையை எதிர்பார்க்கும் தாய்மாரின் பிள்ளைகளைக் காட்டிலும், பிள்ளை சொன்னதைப் பற்றிக்கொண்டு விரித்துச் செல்லும் தாய்மாரின் பிள்ளைகள் காலப்போக்கில் நிறைவாக நினைவுகூர்ந்து கூறினர். கனடாவின் நியூபவுண்ட்லாந்திலே கரோல் பீற்றர்சன், அலிசா மக்கேப் முதலியோர் வறிய குடும்பங்களைச் சேர்ந்த 20 பிள்ளைகளைக் கொண்டு நடாத்தி 1999 இல் வெளியிட்ட ஆய்வு இன்னுமொரு படி சென்றது. தாய்மாருட் பாதிப்பேரிடம், பிள்ளையோடு நடந்தவற்றைப் பற்றிக் கூடுதலாகப் பேசுமாறும், 'ஆம்', 'இல்லை' என முடிந்துவிடாத வினாக்களைக் கேட்குமாறும், பிள்ளை நீட்டிச் சொல்ல இடங்கொடுக்குமாறும் கூறப்பட்டது. ஓராண்டின் முடிவில் அப்பிள்ளைகளின் சொல்வளம் மிகுந்திருந்தது. மேலும் ஓராண்டு கழிந்தபின் கதை சொல்லும் திறனும் உயர்ந்திருந்தது. இவ்வாய்விலே தாய்மாருக்கு நூல்கள் தேவைப்படவில்லை, பட்டமும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டவை நேரமும் செவியுமே.

நேரமும் செவியும் என்று கூறுதல் எளிது. தோட்டத்திலே நேரம் யாருடையது என்பதையும் நோக்குதல் வேண்டும். இறப்பர்ப் பால் வெட்டு விடியற்காலைத் தொழில். வெயில் ஏறுமுன்னர் மரத்தினுள் அழுத்தம் மிகுந்திருக்கும்போதே பால் நன்கு வடியும். ஆதலின், பிள்ளை கண்விழிக்கு முன்னரே தாயோ தந்தையோ கத்தியோடு மலையேறிவிடுவர். மரத்துக்கு மரம் சென்று வெட்டி, சிரட்டையில் வடிந்த பாலைப் பின்னர் வாளியிற் சேர்த்து, நிறுத்துக் கொடுத்துத் திரும்ப நண்பகலாகிவிடும். தேயிலை மலையிலோ பெரட்டுக்குச் சென்று, நிறை பிடித்துக் கொழுந்து பறித்து, மாலை நிறுவை முடியுமட்டும் தாயின் கண்ணும் கையும் அவளுடையவை அல்ல. லயத்துக்கு மீண்டதும் பீலித் தண்ணீர், விறகு, அடுப்பு என அடுத்த வேலை காத்திருக்கும். பிள்ளை வாய் திறக்கும் நேரமும் தாய் ஓய்ந்திருக்கும் நேரமும் ஒன்றையொன்று தவறவிடுதல் இத்தகைய நாளிலே வியப்பன்று.

சப்ரகமுவத்தில் மழைக்கு உள்ள இடம் இங்கு சிந்திக்கத்தக்கது. நாட்டின் ஈரவலயத்தைச் சார்ந்த இப்பிரதேசத்தில் அதிகாலை மழை பெய்து மரப்பட்டை நனைந்துவிட்டால், மழைக்காப்பு இடப்படாத மரங்களிற் பால் வெட்ட இயலாது. அன்று தாயும் தந்தையும் லயத்திலே தங்கிவிடுவர். அடுப்படியிலே பிள்ளை அவர்களோடு இருக்கும்; பேச்சு தானாகவே பிறக்கும். ஆனால், அன்று சம்பளமும் இல்லை. பிள்ளைக்குக் கதை கிடைக்கும் நாள் குடும்பத்துக்குக் கூலி இழக்கும் நாளாக அமைகின்றது. உரையாடலை வெறும் பண்பாட்டுச் செய்தியாகவோ பெற்றோரது மனப்பாங்கின் விளைவாகவோ மாத்திரம் கருதுவோர் இம்முரண்பாட்டை மறந்துவிடுகின்றனர். பேச்சுக்கும் ஒரு விலை உண்டு; அவ்விலையை வறியவரே கூடுதலாகச் செலுத்துகின்றனர்.

இவ்வாறு கூறுவதனால், தோட்டத்து வீடு சொல்வறுமை கொண்டது என்னும் முடிவுக்கு வருதல் பெரும் பிழையாகும். இத்தகைய பிழை அறிஞர் உலகிலும் நேர்ந்ததுண்டு. உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகள் சூழலைச் சார்ந்த சுருங்கிய மொழிவகையையே பெரிதும் கையாளுகின்றனர் எனப் பசில் பேண்ஸ்ரைன் இங்கிலாந்திலே கூறிய கருத்தைப் பலர் அவர்களது அறிவுக் குறைபாட்டுக்குச் சான்றாக எடுத்துக்கொண்டனர். குறைபாட்டுக் கொள்கையை 1969 இல் லபோவ் வன்மையாக மறுத்தார். முன்பின் அறியாத அதிகாரியின் முன் வாய்மூடி நிற்கும் பிள்ளை, தன் தோழரிடையே தருக்கமும் நயமும் நிறையப் பேசுதலை அவர் காட்டினார். பின்னர் 1995 இல் ஹாட், றிஸ்லி என்போர் அமெரிக்காவில் 42 குடும்பங்களை ஆராய்ந்து, வறிய வீட்டுப் பிள்ளை சிறுவயதிலேயே செல்வர் வீட்டுப் பிள்ளையிலும் 3 கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கின்றது எனக் கணித்தனர். 2019 இல் ஸ்பெரி, மில்லர் முதலியோர் ஐந்து சமூகங்களை நோக்கி இதனை மறுத்தனர். ஒரே வகுப்பினுள்ளும் வேறுபாடு பெரிதாயிருந்தது. தாயின் சொற்களோடு, சுற்றியிருப்போர் பேச்சையும் சேர்த்துக்கொள்ளின் கணக்கே மாறியது.

லயத்து வாழ்வை அறிந்தோருக்கு இவ்வுண்மையை விளக்க வேண்டியதில்லை. ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம், வாசலிலே அனைவருக்கும் பொதுவான முற்றம், பீலிக்கரையிலே ஊர்ப்பேச்சு. காமன் கூத்தும், பொன்னர் சங்கரும், தாலாட்டும் ஒப்பாரியும், விடுகதையும் இம்மக்களோடு கடல் கடந்து வந்தவை. தோட்ட மக்களின் பாடல்களைத் திரட்டித் தந்த சி. வி. வேலுப்பிள்ளையின் பணி, எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களிடத்தே சொல்லறிவு எத்துணை செழித்திருந்தது என்பதற்குச் சான்றாகும்.

ஷேர்லி பிறைஸ் ஹீத் 1983 இல் வெளியிட்ட நூல் ஈண்டு நினைக்கத்தக்கது. அமெரிக்காவின் தென்பகுதியிலே, ஆலைத் தொழிலாளர் வாழும் இரு சமூகங்களை அவர் பல்லாண்டு நோக்கினார். ஒன்றிலே பிள்ளைகள் பெரியோர் பேச்சினுள் தாமே முண்டியடித்துப் புகுந்து, கற்பனை செறிந்த கதைகளைச் சொல்லப் பழகினர். மற்றதிலே நடந்ததை நடந்தவாறே கூறி நீதி காட்டுவதே கதை. கற்பனை பொய்யாகக் கருதப்பட்டது. இரு சாராரும் தத்தம் வழியிற் கதை வல்லோரே. ஆயினும் பாடசாலை எதிர்பார்த்தது மூன்றாவதொரு முறையை. ஆகவே இரு சாராருமே அங்கே இடர்ப்பட்டனர். பிள்ளையின் கதையைக் குறைபாடுடையதென முடிவு செய்யுமுன், கேட்பவரின் செவி குறைபாடுடையதா எனச் சோதித்தல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

இப்பாடம் சப்ரகமுவத்துக்குச் சிறப்பாகப் பொருந்தும். நுவரெலியா மாவட்டத்தைப் போலன்றி, இங்கே தோட்டத் தமிழர் சிங்களக் கிராமங்களினிடையே சிதறி வாழும் சிறுபான்மையினர். அண்மையிலுள்ள பாடசாலை சிங்களமொழிப் பாடசாலையாயிருத்தலும், பிள்ளை அங்கே சேர்தலும் பல இடங்களில் உண்டு. பகலில் ஒரு மொழியில் வாழ்ந்து, இரவில் மறுமொழியில் அதனைத் தாய்க்குச் சொல்ல வேண்டிய நிலை அப்பிள்ளையுடையது. சிங்களச் சொல் கலந்து வரும்போது "ஒழுங்கா தமிழ்ல பேசு" என இடைமறித்தல், மொழிப்பற்றினாலேயே செய்யப்படுவதாயினும், கதையைக் கொன்றுவிடும். வரிசைப்படுத்தவும் காரணங் காட்டவும் கற்ற பிள்ளை, அவ்வாற்றலை இரு மொழிக்கும் எடுத்துச் செல்லும். முதலிற் கதை முடியட்டும். தமிழ்ச் சொல்லைத் தாயின் மறுமொழியே கொடுத்துவிடும்.

இவை யாவற்றிலும் கடினமானது, சொல்லப்படாத கதைகளைப் பற்றிய வினா. இம்மக்களின் வரலாறு கதைத்தொடரை அறுத்த வரலாறு. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்கவும் வகுத்தது. கப்பலேறியவர்களுள் கதை சொல்லும் அம்மாயிகளும் அப்பாயிகளும் இருந்தனர்; உம் கொட்டும் பேரப்பிள்ளைகள் சிலர் இங்கேயே எஞ்சினர். 1981 ஆகத்து மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் வன்செயலுக்கு இலக்காயின. 1983 இலும் கொடுமை தொடர்ந்தது. அச்சத்தினால் வடக்கு நோக்கிப் பெயர்ந்தோரும் பலர். இங்கேயே வாழ்ந்தோர் அயலவரோடு மீண்டும் முகம் பார்த்து வாழவேண்டியிருந்தமையால் மௌனத்தைத் தேர்ந்தனர். 2016 மே மாதத்துப் பெருமழையில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண்சரிந்து பல உயிர்கள் மாண்டன. பின்னையதிலே தோட்டக் குடியிருப்பொன்று புதையுண்டது. சிறு பிள்ளைகள் இவற்றைக் கண்டனர், கேட்டனர்.

துன்பத்தைப் பிள்ளையிடம் பேசலாகாது. பேசாவிடின் அது மறந்துவிடும் என்பது அன்பினாற் பிறந்த எண்ணம். ஆயினும் அது சரியன்று. 1992 இல் அமெரிக்காவின் புளோரிடாவைத் தாக்கிய அன்ட்ரூ சூறாவளியின்போது மூன்று, நான்கு வயதினராயிருந்த பிள்ளைகளை ஆய்வாளர் விசாரித்து, ஆறு ஆண்டுகள் கழித்து மீளவும் விசாரித்தபோது, அவர்கள் மறந்திருக்கவில்லை. முன்னரிலும் விரிவாகவே கூறினர். நினைவு எவ்வாறாயினும் தங்கும். அதனை ஒழுங்குபடுத்தி, 'இது நடந்தது, இப்போது முடிந்தது, நீ என்னிடம் இருக்கிறாய்' என முடித்துவைக்கும் பெரியவர் ஒருவர் உள்ளாரா என்பதே வினா. பிள்ளை கேளாததை வலிந்து சொல்லுதலும், பகையை ஊட்டுதலும் வேண்டா. பிள்ளை கேட்டதற்கு அதன் வயதுக்கேற்ற உண்மையைக் கூறுதலும், அது சொல்வதைப் பொறுமையோடு கேட்டலும் போதும். மழை இரைச்சலைக் கேட்டு அஞ்சும் பிள்ளையிடம் "ஒண்ணுமில்ல, தூங்கு" என்பதிலும், "அன்னைக்கு மண்ணு சரிஞ்சத நெனச்சியா, சாமி?" என்பது கூடுதலான ஆறுதல்.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு மீளலாம். கேட்கும் கடன் யாருடையது? இங்கு இரண்டு தவறான விடைகள் உள்ளன. எல்லாம் பெற்றோரது பொறுப்பின்மையே என்பது ஒன்று. இயலாத ஒன்றைக் கடனாக விதித்தல் அறமாகாது. கடமை என்பது இயலுமையை முற்கொள்ளும் என மெய்யியலாளர் கான்ற் கூறியதும் இப்பொருளிலேயே. ஒருவரது நாளை முழுவதும் வாங்கிக்கொண்ட சமுதாயம், 'பிள்ளையோடு பேசினாயா?' என அவரை மட்டும் வினவுதல் நீதியன்று. வறுமை நீங்குமட்டும் பெற்றோர் செய்தற்கு ஒன்றுமில்லை என்பது மற்றைய விடை. இது இரக்கம் போலத் தோன்றினும், அம்மக்களைச் செயலற்றோராகக் கருதும் அவமதிப்பே. நாயின் கதையைக் கேட்டு முடிக்கத் தாய்க்குச் சில நிமிடங்களே பிடித்தன. பிள்ளையைக் காலையில் தூக்கிச் செல்லும் வழியும், குளிப்பாட்டும் பொழுதும், அடுப்பெரியும் வேளையும் எவராலும் வாங்கப்படாத பொழுதுகள். தந்தைக்கும் இக்கடன் உண்டு. பேச்சு தாயின் வேலை என ஒதுங்கி நிற்பவர் தம் பங்கையும் அவள் தோளிலே ஏற்றுகின்றார்.

புறநானூற்றிலே பொன்முடியார் பாடியதாக அமைந்த 312 ஆம் பாடல் இவ்விடத்தில் வழிகாட்டும். ஒரு மகனை ஆளாக்கும் கடனை அப்பாடல் ஒருவர்மேற் சுமத்தவில்லை. தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் தனித்தனியே பகிர்ந்தளிக்கின்றது. போர்க்களத்தை நோக்கிய அக்காலத்து இலட்சியம் இக்காலத்துக்குரியதன்று. கடனைப் பகிர்ந்த அந்நீதி எக்காலத்துக்கும் உரியது. 1907 ஆம் ஆண்டின் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் தாய்மொழிக் கல்வியைத் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாக்கியபோது, ஆறு வயதிலிருந்தே அப்பொறுப்பைத் தொடக்கியது. பிள்ளையின் கதையோ இரண்டு வயதிலேயே தொடங்கிவிடுகின்றது. பிள்ளைக்காம்பரா எனப்பட்டு, இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையம் எனப் பெயர் பெற்றுள்ள இடத்திலே பகலெல்லாம் பிள்ளையோடு இருப்பவர் ஆயம்மாவே. பாலும் உறக்கமும் கொடுத்தாற் போதும் என்று அவரது பணியை அளவிடுதல் தவறு. அவருக்குரிய பயிற்சியும், கேட்க இயலுமான அளவுக்குப் பிள்ளைகளின் தொகையும், தகுந்த ஊதியமும் நிருவாகத்தினதும் அரசினதும் கடன்கள். தமிழறிந்த ஆசிரியரை அனுப்புதலும், வேலை நாளின் நீளத்தை மனித அளவுக்குள் வைத்தலும் அவ்வாறே.

பல்கலைக்கழகத்திற் கற்றோருக்கும் ஒரு பங்குண்டு. தோட்டத்துப் பேச்சைக் கொச்சையென நகைத்துப் பழகிய செவியைத் திருத்திக்கொள்ளுதலே அது. கேட்பவர் நகைப்பார் எனக் கண்ட பிள்ளை மறுமுறை வாய் திறவாது. பின்னர் அதே பிள்ளையைப் 'பேசத் தெரியாதது' என ஆசிரியரும் அதிகாரியும் குறித்துவைப்பர். மழலையின் இனிமையைக் குழலுக்கும் யாழுக்கும் மேலாக வைத்த வள்ளுவர், அவ்வினிமையை உணரும் தகுதியைத் தம் மக்களின் மழலையைக் கேட்டவருக்கே உரியதாக்கினார். கேள்வியைச் செல்வத்துட் செல்வமாக வைத்தவரும் அவரே. பெரியோரிடம் கேட்டலையே அவர் அங்குக் கருதினார் எனினும், சிறியோரிடம் கேட்டலும் அச்செல்வத்தின் ஒரு கூறெனக் கொள்ளுதல் தகும்.

தனக்கு நேர்ந்ததைத் தன் வாயாற் சொல்லக் கற்ற பிள்ளை, பின்னொரு நாள் சம்பளக் கணக்குப் பிழையென்று கங்காணியிடம் சொல்லும். மருத்துவரிடம் நோயைச் சொல்லும். நீதிமன்றத்திலே நடந்ததைச் சொல்லும். இரண்டு நூற்றாண்டுகளாகத் தம்மைப் பற்றிப் பிறர் எழுதிய ஏடுகளிலே எண்ணாக இருந்த மக்களுக்கு இவ்வாற்றல் அணிகலனன்று, உரிமை. அவ்வுரிமையின் முதற்பாடம் லயத்து அடுப்படியிலே, பகல் முழுதும் காத்திருந்து "அம்மா, இன்னைக்கு..." எனப் பிள்ளை தொடங்கும்போது ஆரம்பிக்கின்றது. அவ்வேளையில் ஒருவர் 'உம்' கொட்டுதல் வேண்டும். அந்த ஒருவருக்கு அதற்கான பொழுது கிடைக்கச் செய்தல் ஏனையோர் அனைவரதும் கடனாகும்.